'மனைவி மீது சந்தேகம்' என்று தலைப்பு வைப்பதற்கு முன்: குடும்ப வன்முறைச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மனைவியின் நடத்தையில் சந்தேகம்: கத்தியால் குத்திய ஆடவருக்குச் சிறை."

இது உதாரணத்துக்காக நான் எழுதிய தலைப்பு. எந்த வழக்கையும் சுட்டவில்லை. ஆனாலும் எங்கேயோ படித்ததுபோல் இருக்கிறது, இல்லையா? இதே அச்சில் வார்த்த தலைப்புகளைத் தமிழில் செய்தி படிக்கும் எல்லாரும் பார்த்திருப்போம். இதில் முதலில் நிற்பது சந்தேகம். கத்தி அதற்குப் பின்னால்தான் வருகிறது. படித்தவுடன் மனத்தில் எழும் முதல் கேள்வி "அப்படி அந்தப் பெண் என்ன செய்தாள்?" என்பதுதான். குத்தியவர் பற்றிய கேள்வி தாமதமாக வருகிறது. சில சமயம் வருவதே இல்லை.

குடும்ப வன்முறைச் செய்திகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைத்தவை என்று நான் நினைக்கிறேன். யார் சொன்னது, வழக்கின் எந்தக் கட்டத்தில் சொன்னது என்று பார்க்காமல், கையில் கிடைத்த காரணத்தைத் தூக்கி முன்னால் வைத்துவிடுகிறோம். செய்தி எழுதுவோர் மட்டும் இதைச் செய்வதில்லை. ஃபேஸ்புக் பக்கம் நடத்துவோரும், யூடியூபில் செய்தி வாசிப்போரும், வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி சேர்த்துப் பகிர்வோரும் இதையே செய்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்கள் எல்லாருக்குமானது.

காரணம் எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரின் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றங்களில் ஒரு வழக்கு எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். மனைவியைத் தாக்கிய குற்றச்சாட்டை ஒருவர் ஒப்புக்கொள்கிறார். நடந்த சம்பவத்தின் விவரங்களை அரசுத் தரப்பு வாசிக்கிறது. அந்த விவரங்களை அவர் ஏற்றுக்கொள்கிறார். அப்புறம் அவருடைய வழக்கறிஞர் எழுந்து, தண்டனையைக் குறைக்கும்படி கேட்டுப் பேசுகிறார். கட்சிக்காரருக்கு வேலை போய்விட்டது, மனவுளைச்சல், குடிப்பழக்கம், மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு இருப்பதாக நினைத்தார் என்று அடுக்குவார். அது அவருடைய கடமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் அந்த மனைவி சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. பெரும்பாலும் அன்று நீதிமன்றத்திலேயே இருக்க மாட்டார். "வேறொருவருடன் தொடர்பு" என்ற பேச்சை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. தண்டனையை மாற்றக்கூடிய ஒரு விஷயத்தில் இரு தரப்பும் முரண்பட்டால் நீதிபதி அதற்கென்று தனியாகச் சாட்சியம் கேட்கலாம். அப்படி நடக்காவிட்டால், அது ஒரு தரப்பு ஒரு முறை சொன்ன வாசகம், அவ்வளவுதான்.

மறுநாள் செய்தியில் அது "மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு இருந்ததால் ஆத்திரமடைந்த ஆடவர்" என்று வருகிறது. "இருப்பதாக நினைத்தார்" என்பது "இருந்ததால்" ஆகிவிட்டது. ஒரு வினைமுடிவை மாற்றியதில், நீதிமன்றம் விசாரிக்கவே செய்யாத ஒரு பழி அந்தப் பெண்மீது நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. கூகலில் அவருடைய பிள்ளைகள் பத்து ஆண்டுகள் கழித்துத் தேடினாலும் அது வரும்.

என்ன செய்யலாம்? வழக்கறிஞர் சொன்னதை வழக்கறிஞர் சொன்னதாகவே எழுதுங்கள்: "தண்டனையைக் குறைக்கும்படி கேட்ட அவருடைய வழக்கறிஞர், மனைவிமீது அவருக்குச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்." கூடவே, அதற்கு நீதிபதி என்ன பதில் சொன்னார் என்பதையும் அதே பத்தியில் சேருங்கள். பல வழக்குகளில் இத்தகைய சமாதானங்களை நீதிபதி ஏற்பதில்லை. ஆனால் அந்த மறுப்பு செய்தியின் கடைசிப் பத்தியில், இடப் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டுப்படும் இடத்தில் கிடக்கும். தலைப்புக்கு எடுப்பதாக இருந்தால், ஒப்புக்கொண்ட செயலை எடுங்கள்.

குடிபோதைக்கும் இதுவே பொருந்தும். "மதுபோதையில் மனைவியைத் தாக்கினார்" என்று எழுதும்போது, குடித்ததால்தான் அடித்தார் என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. அதே ஆள் அதே போதையில் காப்பிக்கடையில் யாரையும் அடிக்கவில்லை, டாக்சி ஓட்டுநரை அடிக்கவில்லை, வீட்டுக்கு வந்துதான் அடித்தார் என்பதை அந்த வரி மறைக்கிறது.

ஒரு மாதிரிச் செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

இதுவும் நான் புனைந்ததுதான்:

"ஈசூனில் வசிக்கும் 38 வயது ஆடவர், தம்முடைய மனைவி அடிக்கடி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்ததால் ஆத்திரமடைந்தார். தாதியாகப் பணிபுரியும் மனைவியுடன் வாக்குவாதம் முற்றி, கைகலப்பாக மாறியது. இதில் மனைவியின் கை முறிந்தது. தம்பதிக்கு 7, 4 வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ளனர். 'அமைதியான குடும்பம், சத்தமே கேட்டதில்லை' என்றார் அண்டை வீட்டுக்காரர்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. படிக்கவும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் கையை யார் முறித்தது? இந்த ஐந்து வரியிலும் அதைச் செய்த ஆள் இல்லை. வாக்குவாதம் தானாக முற்றியது, தானாகக் கைகலப்பாக மாறியது, கை தானாக முறிந்தது. கைகலப்பு என்றால் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அப்படி நடந்ததாக யாராவது சொன்னார்களா?

ஈசூன், தாதி, 38 வயது, இரு பிள்ளைகள், அவர்களுடைய வயது: இவ்வளவும் தெரிந்தால் பெயர் எதற்கு? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வசிப்போரில் இந்தியர்கள் 9 விழுக்காடு; வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. அதிலும் தமிழ்ச் செய்தி படிப்பவர்கள் இன்னும் குறைவு. ஒரே கோயில், ஒரே தமிழ் வகுப்பு, ஒரே மளிகைக் கடை என்று புழங்கும் சமூகம் இது. ஆங்கிலத்தில் அடையாளம் காட்டாத ஒரு விவரம், தமிழில் வந்த அரை மணி நேரத்தில் தேக்கா சந்தை வரைக்கும் போய்விடும். அதனால் தமிழில் எழுதுபவருக்கு இங்கே கூடுதல் பொறுப்பு இருக்கிறது. வேலை, பேட்டை, பிள்ளைகளின் வயது ஆகியவற்றில் கதைக்குத் தேவையானது எது? பெரும்பாலும் ஒன்றுகூடத் தேவைப்படாது.

அண்டை வீட்டுக்காரர் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிவது வெளி வராந்தாவில் நடப்பதும், மின்தூக்கியில் சிரிப்பதும்தான். அடிப்பவர்கள் பொதுவெளியில் அடிப்பதில்லை. "நல்ல மனிதர், பார்த்தால் வணக்கம் சொல்வார்" என்ற மேற்கோளுக்குச் செய்தி மதிப்பு இல்லை. அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுக்கும் நற்சான்றிதழ். அதேபோல் "எனக்கு அப்போதே தெரியும்" என்று பேசும் அண்டை வீட்டுக்காரரையும் நம்பிவிட வேண்டாம். இரண்டையும் விட்டுவிடலாம்.

சரி, திருத்தி எழுதினால்: "மனைவியின் கையை முறித்த குற்றத்தை 38 வயது ஆடவர் ஒருவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கைப்பேசியைப் பறிக்க முயன்றபோது மனைவியின் கையை அவர் முறுக்கியதாக அரசுத் தரப்பு கூறியது. அவர்மீது ஏற்கெனவே இருமுறை காவல்துறையில் புகார் அளிக்கப்பட்டிருந்தது." மூன்று வரிதான். கடைசி வரியைக் கவனியுங்கள். நிருபர் இதற்காக நீதிமன்ற ஆவணத்தை இன்னும் ஒரு பக்கம் தள்ளிப் படித்திருக்க வேண்டும். இந்த மாதிரி வழக்குகளில், கை முறிந்த அந்த நாள் முதல் நாளாக இருப்பது அரிது. முன்பு புகார் இருந்ததா, வன்முறையைத் தடுக்க நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணை இருந்ததா, அது மீறப்பட்டதா என்று தேடிப் பார்த்து எழுதினால்தான் நடந்தது என்ன என்று வாசகருக்குப் புரியும். ஒற்றை நாளின் கோபம் என்று எழுதினால் புரியாது.

எந்தக் கட்டம் என்று சொல்லாமல் எழுதுவது

புகார் கொடுக்கப்பட்டது, கைது செய்யப்பட்டார், குற்றம் சாட்டப்பட்டார், ஒப்புக்கொண்டார், தீர்ப்பளிக்கப்பட்டார். இவை ஐந்தும் வெவ்வேறு. இவற்றைக் கலந்து எழுதுவது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அநியாயம், புகார் கொடுத்தவருக்கும் அநியாயம். குற்றம் சாட்டப்பட்டிருக்கும் கட்டத்திலேயே "மனைவியைத் தாக்கியவர்" என்று எழுதினால், பின்னாளில் அவர் விடுவிக்கப்பட்டால் நம்மால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. 2016-ல் நிறைவேறிய நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டம், நடந்துகொண்டிருக்கும் வழக்கில் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லி விசாரணைக்குக் கேடு விளைவிப்பதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுகிறது. யூடியூபில் பேசுபவருக்கும் இது பொருந்தும்.

அதற்காக எல்லா வரியிலும் "கூறப்படுகிறது" என்று போட்டு ஒப்பேற்றுவதும் தீர்வு இல்லை. "தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது" என்றால் கூறுவது யார்? குற்றச்சாட்டுப் பத்திரமா, காவல்துறை அறிக்கையா, அந்தப் பெண்ணா, அவருடைய தம்பியா? ஆளைச் சொல்லிவிட்டால் அந்த வரி துல்லியமாகிறது. இரு தரப்புக்கும் நியாயமாகவும் ஆகிறது. இன்னொன்று: திருட்டுப் புகார் செய்தியில் இத்தனை "கூறப்படுகிறது" போடுகிறோமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். அடிவாங்கியவரின் புகாருக்கு மட்டும் சந்தேகத்தின் அளவு ஏன் கூடுகிறது?

தனிநபர் பாதுகாப்பு ஆணை பற்றித்தான் மிக அதிகமான குழப்பம். இது மாதர் சாசனத்தின்கீழ் குடும்ப நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் ஆணை. 1961-ல் வந்த சட்டம் அது. பெயரில் மாதர் என்று இருந்தாலும் ஆண்களும் விண்ணப்பிக்கலாம், முஸ்லிம்களும் விண்ணப்பிக்கலாம். இதைப் பெற்றதாலேயே எதிர்த் தரப்புக்குக் குற்றப்பதிவு வந்துவிடாது; இது குற்றவியல் தீர்ப்பு இல்லை. ஆனால் ஆணையை மீறினால் அது குற்றம். 2025 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கும் திருத்தங்களின்படி அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

விண்ணப்பம் தள்ளுபடியானால் "பொய்ப் புகார் அம்பலம்" என்று எழுதிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. ஆணை கிடைக்க இரண்டு விஷயங்கள் வேண்டும்: வன்முறை நடந்தது அல்லது நடக்கக்கூடும் என்பது ஒன்று, பாதுகாப்புக்கு ஆணை அவசியம் என்பது மற்றொன்று. முதலாவதை நிரூபித்து, இரண்டாவதில் நீதிபதிக்குத் திருப்தி ஏற்படாமல் போகலாம். தள்ளுபடி என்றால் பொய் என்று அர்த்தமாகாது. அதேபோல், விசாரணைக்கு முன்பே ஆபத்தைக் கருதி அவசரமாகக் கொடுக்கப்படும் தற்காலிக ஆணையை "நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது" என்றும் எழுதக்கூடாது. மறு தரப்பின் பேச்சை இன்னும் யாரும் கேட்கவே இல்லை.

காவல்துறை கடும் எச்சரிக்கை கொடுத்து விட்டுவிடுவதும் உண்டு. அதுவும் குற்றத்தீர்ப்பு ஆகாது. நீதிமன்றம் ஒருவரை வழக்கிலிருந்து விடுவிக்கும்போதும் இரண்டு வகை இருக்கிறது: குற்றமற்றவர் என்பதற்குச் சமமான விடுவிப்பு, அப்படி இல்லாத விடுவிப்பு. இரண்டாவது வகையில் பின்னர் மீண்டும் குற்றம் சாட்ட இடமுண்டு. செய்தியில் எது என்று சொல்லியே ஆக வேண்டும்.

இந்தியச் சட்டத்தை இங்கே ஒட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2024 வரை இருந்த 498ஏ பிரிவு (மனைவியைக் கணவரோ அவருடைய உறவினரோ கொடுமைப்படுத்துவது), வரதட்சணைப் புகார், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லாம் இந்தியாவுக்கு உரியவை. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் கேட்ட சட்ட விளக்கத்தை உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு பெண் தனக்கும் பொருந்தும் என்று நம்பிவிட்டால், அவருக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய உதவி கைநழுவிப் போகும்.

காயம் தெரிந்தால்தான் வன்முறையா?

நீல நிறத்தில் கன்றிய கண், மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், மங்கலான வெளிச்சம். செய்திக்குப் படம் தேடினால் கிடைப்பது இதுதான். இந்தப் படத்தைப் பார்க்கும் ஒருவர், "எனக்கு இப்படி ஒன்றும் இல்லையே" என்று நினைத்து நகர்ந்துவிடுவார். அவருடைய சம்பள அட்டை கணவரிடம் இருக்கும். கைப்பேசியின் கடவுச்சொல் மாமியாருக்குத் தெரியும். அம்மாவிடம் பேச அனுமதி கேட்க வேண்டும்.

2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த மாதர் சாசனத் திருத்தம், குடும்ப வன்முறை என்பது உடல்ரீதியான துன்புறுத்தல், பாலியல் துன்புறுத்தல், உணர்வு அல்லது மனரீதியான துன்புறுத்தல் ஆகியவற்றை உள்ளடக்கும் என்று தெளிவாகச் சொல்கிறது. தாமே ஆணைக்கு விண்ணப்பிக்கும் வயதும் 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. சட்டமே இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகும் செய்திகள் எலும்பு முறிவுக்காகக் காத்திருக்கின்றன.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு வடிவத்தைச் செய்திகள் தொடுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வரும் பெண்களில் பலர் சார்ந்திருப்போர் அட்டையிலோ நீண்டகால வருகை அட்டையிலோ (இங்கே தங்குவதற்கான அனுமதி) இருக்கிறார்கள். அட்டைக்குப் பொறுப்பேற்றிருப்பவர் கணவர், அல்லது கணவரின் வேலை அனுமதியோடு அது கட்டுண்டிருக்கிறது. "அட்டையை ரத்து செய்துவிடுவேன், பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குப் போ" என்ற ஒரு வாக்கியம் போதும். கை ஓங்க வேண்டியதில்லை. இதை எழுதும் செய்தியாளர், பாதுகாப்பு ஆணை கேட்கக் குடியுரிமை நிபந்தனை இல்லை என்பதையும் சேர்த்து எழுதினால், படிப்பவர்களில் யாருக்காவது அது கதவைத் திறக்கும். அதேபோல், திருமணம் செய்யாமல் உறவில் இருப்பவர்களுக்கு மாதர் சாசனத்தின் ஆணை பொருந்தாது. அவர்களுக்குத் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வழி காட்டுகிறது. "காதலி பாதுகாப்பு ஆணை பெற்றார்" என்று எழுதுவதற்கு முன் எந்தச் சட்டம் என்று பார்த்துவிடுங்கள்.

திருமண உறவுக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைப் பற்றியும் பழைய நம்பிக்கைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மனைவியை வல்லுறவு செய்வதற்கு இருந்த சட்ட விலக்கு சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 அன்று முழுமையாக நீங்கிவிட்டது. "கணவன் மனைவிக்குள் நடப்பது" என்று மழுப்பி எழுதுவதற்கு இனி எந்த இடமும் இல்லை.

வயதான பெற்றோரை மகன் அடிப்பது, அண்ணன் தங்கையை அடிப்பது, மனைவி கணவனை அடிப்பது எல்லாமே குடும்ப வன்முறைதான். அடிவாங்கிய கணவரைப் பற்றிய செய்திக்குக் கேலித் தலைப்பு வைப்பவர்கள், அடுத்த ஆண் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். இது கொடுமை.

அடித்தவரின் எதிர்காலம்

2019-ல் ஒரு பல்கலைக்கழகப் பல்மருத்துவ மாணவர், உறவை முறித்துக்கொண்ட தோழியின் கழுத்தை நெரித்து, கண்ணையும் விரலால் அழுத்திய வழக்கு பலருக்கு நினைவிருக்கும். 2020-ல் 12 நாள் குறுகியகாலத் தடுப்புக்காவல், சமூக சேவை, அன்றாடம் முன்னிலையாகும் ஆணை என்று தண்டனை வந்தபோது மக்கள் கொதித்தார்கள். அரசாங்கம் தண்டனை முறையை மறுபரிசீலனை செய்தது. அந்த வழக்கின் தலைப்புகளில் பெரும்பாலானவை அவருடைய படிப்பில்தான் தொடங்கின. படிப்பு, பதவி, பெற்ற பதக்கம் எல்லாம் செய்தியின் முன்வரியில் வந்தால், வாசகர் தம்மை அறியாமலே "அவர் எதை இழக்கிறார்" என்று கணக்குப் போடத் தொடங்குவார். நீதிபதி அதைக் கருத்தில் எடுத்திருந்தால் உள்ளே எழுதலாம். முன்வரியில் வேண்டாம்.

பிரபலங்களின் வழக்கு

ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், அவருடைய முன்னாள் மனைவி அம்பர் ஹெர்ட் வழக்கு இன்றுவரை நம் வாட்ஸ்அப் குழுக்களில் உதாரணமாகச் சுற்றுகிறது. ஒரு பெண் புகார் கொடுத்தால் "இதுவும் அந்த மாதிரிதான்" என்று ஒருவர் எழுதிவிடுவார். அங்கே உண்மையில் நடந்தது இது: 2020-ல் லண்டனில், தம்மை மனைவியை அடிப்பவர் என்று எழுதிய நாளேட்டின்மீது டெப் தொடுத்த அவதூறு வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தார். நாளேடு முன்வைத்த 14 சம்பவங்களில் 12 கணிசமான அளவில் உண்மை என்று அவர் தீர்மானித்தார். 2022-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடுவர் குழு, ஹெர்ட் டெப்பை அவதூறு செய்ததாகத் தீர்ப்பளித்தது. டெப்பின் வழக்கறிஞர் சொன்ன ஒரு கூற்று ஹெர்டை அவதூறு செய்ததாகவும் சொன்னது. இரண்டுமே அவதூறு வழக்குகள். குற்றவியல் வழக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு நாடு, இரண்டு சட்டம், ஒன்றில் தனி நீதிபதி, மற்றொன்றில் நடுவர் குழு. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி "நிரூபணமாகிவிட்டது" என்று எழுதும் எவரும் பாதியை மறைக்கிறார்.

வர்ஜீனியா விசாரணை நேரலையாக ஒளிபரப்பானது. அழுகை, முகபாவம், தலைமுடி என்று துண்டு துண்டாக வெட்டிக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். சிங்கப்பூர் நீதிமன்றத்தில் அனுமதியின்றிப் பதிவு செய்வதே குற்றம். எனவே அந்த மாதிரிக் காணொளி இங்கே வராது. ஆனால் கூண்டில் நின்ற பெண் "உணர்ச்சியின்றிப் பேசினார்" என்று எழுத்தில் அதே வேலையைச் செய்ய முடியும். அதிர்ச்சியில் இருப்பவர்கள் சிரிக்கவும் செய்வார்கள், உறைந்துபோயும் இருப்பார்கள், தேதியை மாற்றியும் சொல்வார்கள். முகத்தை வைத்து உண்மையை அளக்க நிருபருக்குப் பயிற்சி இல்லை.

பெயர் தடையும் ஊகமும்

பாலியல் குற்றம் அல்லது சிறார் துன்புறுத்தல் குறித்துப் புகார் அளித்தவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது. காவல்துறையிடம் புகார் போன நேரத்திலிருந்தே அந்தத் தடை தொடங்குகிறது. மனைவியை அடித்த சாதாரண வழக்கில் இது தானாக வராது. நீதிமன்றம் தடை விதித்தால்தான் உண்டு. ஆகவே அங்கே ஆசிரியரின் மனசாட்சிதான் காவல்.

தடை இருக்கும் வழக்கில் அடிக்கடி நடப்பது இது: ஒரு ஊடகம் குற்றவாளியின் பெயரை விட்டுவிட்டு உறவைச் சொல்லும். இன்னொன்று உறவை விட்டுவிட்டுப் பேட்டையையும் வேலையையும் சொல்லும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஆள் தெரிந்துவிடும். கருத்துப் பகுதியில் ஒருவர் "இது எங்கள் புளோக்தான்" என்று எழுதிவிடுவார். தடையை மீறுவது சட்டப்படி குற்றம். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் சொந்த விவரங்களைப் பரப்புவதும் குற்றம். இந்தச் செய்திகளுக்குக் கருத்துப் பகுதியை மூடிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொள்ளும் சம்பவத்தை "குடும்பத்தோடு தற்கொலை" என்று எழுதும் வழக்கத்தையும் இன்றோடு நிறுத்த வேண்டும். நான்கு வயதுக் குழந்தை தற்கொலை செய்துகொள்ளாது.

எண்களை எப்படிப் படிப்பது?

2020-ல் கொவிட் பரவலைத் தடுக்க எல்லாரும் வீட்டிலேயே இருந்த சர்க்கிட் பிரேக்கர் காலத்தின் முதல் மாதத்தில், குடும்ப வன்முறையோடு பொதுவாகத் தொடர்புடைய குற்றங்கள் பற்றிக் காவல்துறைக்கு 476 புகார்கள் வந்தன. அதற்கு முந்திய மாதச் சராசரி 389. அதாவது 22 விழுக்காடு அதிகம். "வன்முறை 22 விழுக்காடு கூடியது" என்று இதை எழுதினால் அது தவறு. கூடியது புகார். வீட்டில் அடைபட்டதால் அடி கூடியிருக்கலாம். எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்டு மற்றவர் புகார் கொடுத்ததும் கூடியிருக்கலாம். அதே சமயம், அடிப்பவர் பக்கத்திலேயே இருந்ததால் கைப்பேசியைத் தொட முடியாமல் போனவர்கள் அந்த எண்ணில் இல்லவே இல்லை. புகார் குறைந்தால் வன்முறை குறைந்தது என்று எழுதுவதற்கும் இதே எச்சரிக்கை.

பாதிக்கப்பட்டவரிடம் பேசும்போது

பேட்டி எடுப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ஏன் இவ்வளவு நாள் அங்கேயே இருந்தீர்கள்?" என்பது. பணம், பிள்ளை, அட்டை, ஊரில் இருக்கும் அப்பாவின் மானம் என்று அதற்குப் பதில் எப்போதுமே இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. "வெளியே வருவதற்கு எது தடையாக இருந்தது?" என்று கேட்டால் அதே தகவல் வரும்.

செய்தி எப்போது வெளிவரும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. உறவை விட்டு வெளியேறும் காலமும் வெளியேறிய உடனடிக் காலமும் மிக ஆபத்தானவை என்று இத்துறையில் வேலை செய்வோர் எல்லாரும் சொல்கிறார்கள். அடித்தவர் அந்தச் செய்தியைப் படிப்பார். அன்று தாம் எங்கே இருக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைக்க வேண்டும் என்று அந்தப் பெண் திட்டமிட நேரம் வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஒப்புக்கொண்டவர் மறுநாள் வேண்டாம் என்றால், சண்டை போடாமல் விட்டுவிடுங்கள். பிள்ளைகளிடம் பேட்டி எடுக்கவே வேண்டாம்.

குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதைக் கேட்கப் போகிறோம், எப்போது கேட்கப் போகிறோம் என்பதை முதலில் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவித்துவிட்டுக் கேளுங்கள். வழக்கு முடிந்ததும் முடிவை எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்ட நாளில் முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, விடுவிக்கப்பட்டதைப் போடாமலே விடுவது ஒரு மனிதருக்குச் செய்யும் பெரிய துரோகம். பழைய இணையப் பக்கத்தின் மேற்பகுதியிலும் தீர்ப்பைச் சேர்க்க வேண்டும். தேடுபவர் கண்ணில் படுவது பழைய பக்கம்தான்.

கடைசியாக, உதவி எண். தேசிய வன்முறை மற்றும் பாலியல் தொல்லைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 999. குடும்ப வன்முறைக்கான பேவ், டிரான்ஸ் சேஃப் போன்ற சிறப்பு நிலையங்களில் ஆலோசனையும் கிடைக்கும், பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கவும் உதவுவார்கள். அவேர் அமைப்பும் பெண்களுக்கென்று தனி உதவித் தொலைபேசி நடத்துகிறது. இந்த விவரங்களை அலங்காரப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள். படத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, கண் பார்வை குறைந்தவரின் கைப்பேசி அதை வாசித்தும் காட்டாது. செய்தியின் அடியில் மட்டும் போடாமல், பாதியிலும் ஒரு முறை போடுங்கள். கைப்பேசியைப் பிறர் சோதிக்கும் வீட்டில் இருப்பவர், அழைத்த பதிவை அழித்துவிடலாம் அல்லது நம்பகமான ஒருவரின் தொலைபேசியிலிருந்து அழைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.